ஊவா வானமும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்றுச் சான்றுகளைக் கல்வெட்டு, நாணயம், இலக்கியம், பிறநாட்டார் குறிப்பு என வகுத்துரைப்பது ஆய்வாளர் மரபு. இவற்றுள் பிறநாட்டார் குறிப்புகளுக்கு நம்மிடையே தனி மதிப்பு உண்டு. பழமையானவை, எழுத்தில் நின்றவை என்ற காரணங்களால் அவை ஐயமின்றி ஏற்கப்படுவதும் உண்டு. அத்தகைய குறிப்பொன்றை வானத்தைக் கொண்டே சோதிக்கலாம் என்பதையும், அச்சோதனைக்கு ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்கள் ஏற்ற களமாகும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமப் பேரறிஞர் பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலின் ஆறாம் பகுதியில் தப்ரபேன் எனப்பட்ட இலங்கையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் பணியாள் ஒருவன் காற்றில் அகப்பட்டு இத்தீவை அடைந்தான். அவன் வாயிலாக உரோமரைப் பற்றிக் கேள்வியுற்ற அரசன், கி.பி. 41 முதல் 54 வரை ஆட்சிபுரிந்த குளோடியஸ் மன்னனிடம் நான்கு தூதரை அனுப்பினான். அத்தூதர் கூறியனவாகப் பிளினி தரும் செய்திகளுள் வானம் பற்றியவை மூன்று. உரோம வானிலே எழுமீன் கூட்டத்தையும் கார்த்திகை மீன்களையும் கண்டு, புதியதொரு வானத்தைக் கண்டவர்போல் அவர்கள் வியந்தனராம். தம் நாட்டில் எட்டாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரையிலேயே சந்திரன் தோன்றும் என்றனராம். தம் இரவுகளில் கனோப்பஸ் என்னும் பெருமீன் ஒளிவீசும் என்றும் உரைத்தனராம்.

இவற்றுள் எவை உண்மை? ஏடுகளைப் புரட்டியே இதற்கு விடை காணவேண்டியதில்லை. விண்மீன்கள் இரண்டாயிரம் ஆண்டுகளில் ஓரளவு இடம்பெயர்ந்துள்ளன எனினும், இவ்வினாவுக்கான விடை அதனால் மாறுபடாது. பதுளை ஏறத்தாழ ஏழு பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. ஆகவே துருவமீன் வட அடிவானுக்கு ஏழு பாகை மேலே நிற்கும். தெற்கிலோ தென்முனையைச் சூழ்ந்த மிகச் சிறு பகுதி மட்டுமே கண்ணுக்குத் தப்பும். வடவானையும் தென்வானையும் ஒருசேரக் காணும் பேறு இதனால் வாய்க்கிறது. மேலும் அப்புத்தளை மலைமுகட்டின் தென்புறம் செங்குத்தாய்ச் சரிந்து தாழ்நிலத்தில் இறங்குவதால், தென்னடிவானை மறைக்க அங்கு வேறு மலை இல்லை.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மாசி அமாவாசையை ஒட்டிய வார இறுதியில், நண்பர் நால்வர் ஐவர் கூடி அப்பகுதித் தோட்டமொன்றில் இரண்டு இரவுகளைக் கழிப்பாராயின், முகில் விலகிய நேரத்தில் பிளினியின் கூற்றுகளை வரிசையாகச் சோதித்துவிடலாம். இரவு ஒன்பது மணியளவில் மேற்கு வானில் கார்த்திகை மீன்கள் உயர்ந்து நிற்கும். தெற்கே, நாம் அகத்தியர் எனப் போற்றும் கனோப்பஸ் உச்சத்தை அண்மி ஒளிரும். வடகிழக்கில் எழுமீன்களின் முற்பகுதி மேலெழும். இரவு முதிர முதிர வசிட்டரும் அவரை ஒட்டிய அருந்ததியும் தோன்றுவர். எனவே அகத்தியர் பற்றிய செய்தி மெய். எழுமீனும் கார்த்திகையும் இத்தீவினருக்குப் புதியவை என்பது பொய். தூதர் பொய்யுரைத்தனர் எனக் கொள்வதிலும், மொழிபெயர்ப்பில் நேர்ந்த மயக்கமும் தொலைநாட்டுப் புதுமைகளில் உரோமர் கொண்ட வேட்கையும் செய்தியைத் திரித்தன எனக் கொள்வதே பொருத்தமாகும்.

நண்பர் குழாத்திடம் சிறியதொரு தொலைகாட்டி இருக்குமாயின் அவ்விரவு மேலும் பல கூறும். திருவாதிரைக்குத் தெற்கே மூன்று மீன்களின் கீழ் ஒளிமுகில் ஒன்று தெரியும். விண்மீன்கள் பிறக்கும் வான்புகையுரு அது. அகத்தியருக்குக் கீழே, அடிவானை ஒட்டிப் பெரிய மகெல்லன் முகில் மங்கலாய்த் தோன்றும். அது நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் பேரடை. நள்ளிரவின்பின் தென்சிலுவை உயரும். அதன் கிழக்கே ஒமேகா சென்டோரி என்னும் கோளக் கொத்தில், ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் திரண்டுள்ளன. இதனைத் தனி விண்மீனாகத் தம் பட்டியலிற் சேர்த்தவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான தொலமி. இதன் புகைமைத் தோற்றத்தை 1677இல் சென் எலேனாத் தீவிலிருந்து குறித்தவர் எட்மண்ட் ஹலி. விடியுமுன் மூல நட்சத்திரத்தின் கிழக்கே வெறுங்கண்ணுக்கும் தெரியும் மீன்கொத்து ஒன்று எழும். அதனையும் தொலமி பதிவு செய்துள்ளார். தப்ரபேனைப் பன்மடங்கு பெருக்கி வரைந்த அதே தொலமி, தம் கண்ணாற் கண்ட வானைச் செம்மையாகக் குறித்தார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. கண்டு எழுதியதற்கும் கேட்டு எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, அதே தோட்டத்து லயங்களில் வாழ்ந்த மக்களை நோக்குவோம். கோப்பிக் காலத்திலும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் வந்த தேயிலைக் காலத்திலும், தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டவர் இவர். பதுளைக்கு 1924இல் புகையிரதம் வருமுன்னரே ஊவா மலைகள் இவர்தம் உழைப்பால் தோட்டங்களாகிவிட்டன. விடியற்காலையில் பிரட்டுக்கு அழைக்கும் தப்பொலி கேட்டு, மீன்கள் மறையுமுன் எழுந்த இம்மக்கள் வானைப் பற்றி நூல் எழுதினாரல்லர். ஆயினும் பிளினி பிழைபடக் கூறிய ஒவ்வொன்றையும் இவர்தம் வாழ்வு சரியாகவே காத்துவந்தது. கார்த்திகைத் திங்களில் விளக்கேற்றினர். மணமக்களுக்கு அருந்ததி காட்டினர். மலையகத்துக் காமன்கூத்தோ மாசி அமாவாசையின்பின் மூன்றாம் பிறையிலே காமன் ஊன்றுவதுடன் தொடங்குவது. எட்டாம் நாளுக்கு முன் இத்தீவிற் சந்திரன் தோன்றாது என்ற ஏட்டுக் கூற்றை, மூன்றாம் பிறை கண்டு கூத்தைத் தொடங்கிய தொழிலாளர் ஆண்டுதோறும் மறுத்துவந்தனர் எனலாம்.

இது வெறும் நயவுரையன்று. எழுத்துச் சான்றுக்குத் தரப்படும் மிகை மதிப்பு இம்மக்களின் வாழ்வையே தாக்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் ஒருவர் பிறந்திருத்தல் மட்டும் போதாதென்றது. தந்தையும் இங்கு பிறந்தவர் என்பதையோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் என்பதையோ நிறுவுமாறு கேட்டது. அதற்கான பதிவுகள் பெரும்பாலோரிடம் இருக்கவில்லை. கோயிலில் அருச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்ல அறிந்த மக்கள் இவர். தாம் பிறந்த நாளில் சந்திரன் எம்மீனை அடுத்து நின்றது என்பதை நினைவில் வைத்திருந்தோரிடம் தாள் ஒன்று இல்லையென்பதால், அவர்தம் பிறப்பே ஐயத்துக்குரியதாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சியோர் நிலை பின்னர் தீர்மானிக்கப்பட விடப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. இடைப்பட்ட காலம் 55 ஆண்டுகள்.

பிளினியின் குறிப்பைப் புறக்கணிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. எழுதப்பட்டமையாலேயே ஒன்று மெய்யாகாது. எழுதப்படாமையாலேயே ஒன்று பொய்யாகாது என்பதே நாம் வற்புறுத்துவது. கார்த்திகை மீன்களிலிருந்து இன்று நம் கண்ணை அடையும் ஒளி, ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாண அரசு நிலைபெற்றிருந்த காலத்திற் புறப்பட்டது. அவ்வொளி தப்பாது வந்துசேர்கிறது. முதியோர் நினைவோ அவர்களுடன் மறைந்துவிடும். மலைநகரங்களின் மின்னொளி பெருகுந்தோறும் வானும் மங்கிவருகிறது.

ஆதலின் ஊவா மலைக்கு வான்நோக்கச் செல்லும் மாணவ நண்பர்கள் தொலைகாட்டியுடன் குறிப்பேடு ஒன்றையும் கொண்டுசெல்வாராக. இரவில் மீன்களைப் பார்த்தபின், பகலில் லயங்களுக்குச் சென்று, அம்மீன்களுக்கு அங்குள்ள முதியோர் வழங்கும் பெயர்களையும், அவற்றோடு இணைந்த சடங்குகளையும், அவர்தம் குடும்பம் வந்த வழியையும் கேட்டெழுதுதல் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த நான்கு தூதரின் சொற்களைப் பேணியுள்ள வரலாறு, இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளில் உழைத்த மக்களின் சொற்களையும் பேணுதல் அறமாகும்.