நித்தியகல்யாணியில் நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்தா? இலையை அரைச்சுக் குடிக்கலாமா?

தென்காசி மாவட்டம் பனவடலிசத்திரம் பக்கம் வீட்டு வாசலிலும் ரோட்டோரத்திலும் சாதாரணமாகப் பூக்கும் செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்றும் சொல்வார்கள். நெல்லை, ராமநாதபுரம் வட்டார மானாவாரி நிலங்களில் மருந்துத் தேவைக்காக இது பயிராகவும் போடப்படுகிறது. "கேன்சருக்கு இதுதான் மருந்து" என்கிற பேச்சில் எவ்வளவு உண்மை?

சுகருக்குத் தேடினாங்க, கிடைச்சது வேற!

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்த இந்த இலைகளை, கனடா விஞ்ஞானிகள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆய்வு செய்தனர். எலிகளுக்கு சுகர் குறையவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. 1958-ல் அதற்குக் காரணமான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அடுத்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையையே மாற்றியது.

நுரையீரலுக்கு எது?

வினோரெல்பின். இது இலையில் நேரடியாகக் கிடையாது. செடியின் வேதிப்பொருட்களை வைத்து ஆய்வகத்தில் மாற்றி உருவாக்குகிறார்கள். பிரான்சின் பியர் போத்தியே குழு கண்டுபிடித்தது. 'சிறுசெல் அல்லாத' வகை நுரையீரல் புற்றுநோய்க்கு 1994-ல் அமெரிக்கா அனுமதித்தது.

எப்படி வேலை செய்கிறது?

ஒரு செல் இரண்டாகப் பிரிய உள்ளே நுண்குழாய்கள் உருவாக வேண்டும். இந்த மருந்து அதைத் தடுக்கிறது. பிரிய முடியாத செல் சாகிறது. பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த பாக்லிடாக்சல் நேர்மாறு: நுண்குழாய்களைக் கலையவிடாமல் பிடித்துவைக்கும். இதுவும் நுரையீரல் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

அப்போ இலையையே அரைச்சுக் குடிச்சா?

கூடாது. புற்றுநோய் செல்லைத் தடுக்கும் அதே வேலையை, ரத்த அணு உருவாகும் எலும்பு மஜ்ஜையிலும் இந்த மருந்துகள் செய்யும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை பார்த்து, உடல் அளவுக்கேற்ப மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். ஒரு கைப்பிடி இலையில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கவே பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். மருந்தாகப் பலன் தராத இலைச்சாறு, விஷமாக வேலை செய்யலாம்.

மஞ்சள், குர்குமின்?

ஆய்வகச் செல்களில் பலன் தெரிந்தது உண்மை. ஆனால் நோயாளிகளிடம் நுரையீரல் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபிக்கப்படவில்லை.

கவனிக்க வேண்டியது

மூணு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்க. கீமோ எடுப்பவர்கள் கஷாயம், லேகியம் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிடுங்க. கஷாயத்தை நம்பித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும், ஆபரேஷனில் அகற்றக்கூடிய கட்டி கைமீறிப் போக வாய்ப்பு கொடுக்கிறது.