சோதனைச் சிப்பியும் தன்னிலை அறியும் நிரலும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரேயுள்ள முத்துப் பார்களில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், மாதிரி எடுத்துப் பார்த்த பின்னரே சலாபம் அறிவிப்பது வழக்கம். பார்களுக்குப் பொறுப்பான அதிகாரி குளியாட்களை இறக்கிச் சிப்பிகளை எடுப்பிப்பார். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் எனக் கணக்கிடுவர். அரசின் வருவாயும், குளியாட்களின் பங்கும், வணிகரின் முதலும் அக்கணக்கையே நம்பியிருந்தன.

கணக்குப் பொய்த்ததும் உண்டு. பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் நிறைந்தும் முதிருமுன்னே அழிந்துபோயின என்பதை 1902இல் இலங்கைக்கு வந்த பேராசிரியர் ஹேர்ட்மன் ஆராய்ந்து எழுதினார். எனினும் அப்பிழை கடலின் மாற்றத்தால் விளைந்தது. தான் எடுக்கப்பட்டது மாதிரிக்கா, சலாபத்துக்கா என்பதைச் சிப்பி அறியாது. இவ்வறியாமையே மாதிரிக்கு மதிப்பைத் தந்தது என்பது நம் கருத்து.

கணினி நிரலின் நிலை வேறு. எழுதுவோர் பலரின் நிரற்பகுதிகளை உடனுக்குடன் ஒன்றுசேர்த்துத் தானே சோதிக்கும் தொடர் ஒருங்கிணைப்பு முறை 1990களின் இறுதியில் பரவத் தொடங்கியது. 2011இல் தோன்றிய ட்ராவிஸ் சேவை, ஓடும் நிரலின் சூழலில் 'சிஐ' என்னும் மாறியை 'உண்மை' என்று குறித்தது. கிட்லேப், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் ஆகியவையும் அவ்வாறே குறிக்கின்றன. ஜென்கின்ஸ் முன்னர் இயல்பாக அதனை இட்டதில்லை. அப்போது அதனைத் தன் முகவரியைத் தரும் வேறொரு மாறியால் அறிய வேண்டியிருந்தது. எந்தத் தர நிறுவனமும் விதிக்காத வெறும் வழக்காறு இது. எவரும் தம் மேசைக் கணினியிலும் அக்குறியை இட்டுக்கொள்ளலாம்.

குறியைப் பார்ப்பது குற்றமன்று. விடையளிக்க ஆளில்லாத இடத்தில் நிரல் கேள்வி கேட்டுக் காத்திருத்தல் வீண். எச்சரிக்கையைப் பிழையாகவே கொள்ளும் கடுமையும் அங்கு ஏற்புடையது. ஆயினும் அதே அறிவு ஏமாற்றுக்கும் வழியாகலாம். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்ட அறிவித்தலின்படி, ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் நிரல், சுக்கானின் நிலை, வேகம், இயந்திரம் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு சோதனைக் கூடத்தை இனங்கண்டது. அங்கு மட்டும் புகை அளவோடு நின்றது. வீதியில் நைதரசன் ஒட்சைட்டுகள் வரம்பின் நாற்பது மடங்கு வரை சென்றன. அவ்வாண்டிலேயே ஒருவர் அக்காரின் பெயரால் ஒரு நிரற்பொதியை எள்ளலாக வெளியிட்டார். தொடர் ஒருங்கிணைப்புச் சூழலைக் கண்டதும் தோற்ற சோதனைகளை எல்லாம் வென்றனவாகக் காட்டுவது அதன் தொழில்!

சிப்பியின் அறியாமையை நிரலுக்கு முழுதும் மீட்டளிக்க இயலாது. சூழலை இனங்காட்டும் தடயங்கள் பல. ஒரு பகுதி இயலும். அக்குறியை இட்டு ஒருமுறையும் நீக்கி ஒருமுறையும் அதே சோதனையை ஓட்டி, இரு விடைகளும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்கலாம்.