மச்சாவதாரமும் நீலப் புத்தகமும்

எங்க நாகலாபுரம் பெருமாள், அசுரன் ஒளித்த வேதங்களை மீனாகப் போய் மீட்டவர். ஒளித்த ஆவணம் என்றாலே எனக்கு அவர் நினைப்புதான் :-)

இந்திரா காந்தியின் 1971 ரேபரேலி வெற்றியை எதிர்த்த ராஜ் நாராயண், பிரதமர் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீலப் புத்தக'த்தைக் கேட்டார். உ.பி. அரசு, ரகசியம் என்றது. அலகாபாத் உயர்நீதிமன்றம் விடவில்லை. அரசு மேல்முறையீடு போனது.

1975 ஜனவரி 24. உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அரசு ஜெயித்த மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. ரகசியம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால் போதாதாம்; தேவைப்பட்டால் நீதிபதியே ஆவணத்தை வாங்கிப் பார்ப்பார், முடிவு அவருடையது. அரசு செய்வதை அறிவது மக்கள் உரிமை என்று நீதிபதி மாத்யூ தனியாகவே எழுதினார்.

இங்கே அமெரிக்காவில் நிக்சன் ஒலிநாடாத் தீர்ப்பு வந்து அன்றைக்குச் சரியாக ஆறு மாதம். அவர் பதவி விலகினார். அங்கே ஜூன் 12 அன்று தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு. 25 அன்று நெருக்கடி நிலை.