ஓர் எழுத்தைத் தேடி...



அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவதற்கு நமக்கு என்ன கஷ்டம்? அகர வரிசை தெரிந்தால் போதும், பக்கத்தைப் புரட்ட வேண்டியதுதான். ஆங்கிலேயனுக்கும் அப்படியே, 26 எழுத்தின் வரிசை அவனுக்குத் தொட்டில் பழக்கம். ஆனால் அதே ஆங்கிலேயன் சீன மொழி படிக்கப் போனால் முதல் நாளே திகைத்துப் போவான். முன்பின் பார்த்திராத எழுத்து ஒன்று எதிரே நிற்கிறது. உச்சரிப்பு தெரியாது, பொருளும் தெரியாது. அகர வரிசையே இல்லாத எழுத்தை எந்தப் பக்கத்தில் போய்த் தேடுவது?

இந்தத் தலைவலி சீனர்களுக்கே இருந்ததுதான். கி.பி. 100-ஐ ஒட்டி ஷு ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் உறுப்புகளைக் கண்டு, 540 பிரிவுகளாக வகுத்தார். அவ்வளவையும் யாரால் நினைவில் வைக்க முடியும்? 1615-இல் மெய் யிங்ஸுவோ என்பவர் அதை 214 பிரிவுகளாகச் சுருக்கி, கோடுகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினார். காங்ஷி பேரரசரின் ஆணைப்படி தொகுக்கப்பட்டு 1716-இல் முடிந்த பேரகராதியும் இந்த 214-ஐயே பின்பற்றியது. அதில் உள்ள எழுத்துகள் 47,035. அடேயப்பா!

எப்படித் தேடுவது? 'கடல்' என்பதற்கான எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் மூன்று சிறு புள்ளிகள். அது தண்ணீரைக் குறிக்கும் உறுப்பு. மீதிப் பகுதியில் 7 கோடுகள். தண்ணீர்ப் பிரிவுக்குப் போய், 7 என்ற தலைப்பின் கீழ் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். கேட்கச் சுலபம்தான். ஆனால் மூன்று புள்ளிதானே என்று 3 கோட்டுப் பிரிவுகளில் தேடினால் கிடைக்காது. தண்ணீரின் முழு வடிவத்துக்கு 4 கோடு என்பதால் பழைய அகராதிகளில் அது அங்கேதான் இருக்கும். இன்னொன்று: 'வினவுதல்' என்ற எழுத்தில் வாசல் கதவுக்குள் வாய் இருக்கும். பெரிதாகத் தெரிவது கதவு. ஆனால் எழுத்து இருப்பதோ வாய்ப் பிரிவில்! 'கேட்டறிதல்' என்பதிலும் அதே கதவு, உள்ளே காது. அதைக் காதுப் பிரிவில் தேட வேண்டும். அனுபவப்பட்டால்தான் புரியும்.

இந்தக் காட்டுக்குள் துணிந்து நுழைந்தவர் ராபர்ட் மாரிசன் என்ற பாதிரியார். 1807-இல் கான்டன் போய்ச் சேர்ந்தார். அந்நியருக்குச் சீனமொழி சொல்லிக்கொடுப்பது அப்போது குற்றம். அது சும்மா பயமுறுத்தல் இல்லை. 1759-இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிளின்ட் பேரரசருக்கு ஒரு மனு கொடுத்தார். அவருக்குச் சிறை, அதை எழுத உதவிய சீனருக்கோ மரண தண்டனை. பிடிபட்டால் சித்திரவதைக்குத் தப்ப மாரிசனின் ஆசிரியர் ஒருவர் விஷத்தைக் கூடவே வைத்திருந்தார் என்றும் சொல்வதுண்டு. நம் நாட்டிலும் அதே காலத்தில், வங்காளத்துச் செராம்பூரில் இருந்தபடியே ஜோஷுவா மார்ஷ்மன் சீனம் கற்று 1814-இல் இலக்கண நூல் வெளியிட்டார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மாரிசனின் சீன-ஆங்கில அகராதி 1815 முதல் 1823 வரை மக்காவில் கம்பெனிச் செலவில் அச்சாயிற்று. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்னவென்றால், ஒரு பகுதியை 214 பிரிவுப்படியும், இன்னொரு பகுதியை ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு வரிசையிலும் அமைத்ததுதான். காதால் கேட்ட சொல்லுக்கு ஒரு வழி, கண்ணால் கண்ட எழுத்துக்கு ஒரு வழி! பின்னால் 1892-இல் வந்த கைல்ஸ் அகராதி உச்சரிப்பு வரிசையில் அமைந்தது. அதிலும் உச்சரிப்பு தெரியாதவன் 214-ஐத்தான் சரணடைய வேண்டும். 1920-களில் வாங் யுன்வூ என்ற சீனப் பதிப்பாளர், எழுத்தின் நான்கு மூலைகளுக்கும் எண் கொடுத்துத் தேடும் வழியைக் கண்டுபிடித்தார். 1958-இல் சீன அரசு 'பின்யின்' என்ற ரோமன் எழுத்து முறையை ஏற்றது.

இன்றைக்கோ தெரியாத எழுத்தைக் கைபேசித் திரையில் விரலால் கிறுக்கினால் போதும். காமிராவைக் காட்டினாலும் பொருள் வந்து நிற்கிறது. நல்லதுதான். ஆனால் கதவுக்குள் வாய் இருப்பதைத் தானே தேடிக் கண்டவன் அந்த எழுத்தை ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

மாரிசன் பெயர் அகராதியின் முகப்பில் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் அங்கே இல்லை. பழைய மாணவர்கள் கூடும் இந்த நாளில், முகப்பில் பெயர் இல்லாத அந்த வாத்தியார்களுக்கும் சேர்த்து ஒரு வணக்கம் சொல்லுவோம்.