அக்காள் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்



முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே அன்பு இருந்தால் போதும், பேச்சுவார்த்தை தானாகவே நல்லபடி முடியும் என்று நாம் எண்ணுகிறோம். 1918இல் அகமதாபாத்தில் நடந்தது வேறு. அங்கே ஆலை முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்காள் அனசூயா. தொழிலாளருக்கு வழிகாட்டிய காந்தியடிகளோ அம்பாலாலுக்கும் நண்பர். அன்புக்குக் குறைவில்லை, ஆனாலும் ஆலைக்கதவுகள் மூடப்பட்டன.

பிளேக் நோய் பரவியபோது தொழிலாளர் ஊரைவிட்டுப் போகாதிருக்க முதலாளிகள் 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினார்கள். ஆனால் போர்க்காலத்தில் ஏறிய விலைவாசி இறங்கவில்லை. ஆகவே தொழிலாளர் கூலி உயர்வு கேட்டார்கள்.

தொடக்கத்தில் இரு தரப்பும் நல்ல வழியையே தேடின. பக்கத்துக்கு மூவராக நடுவர் குழு அமைத்து, மாவட்ட ஆட்சியரைத் தலைவராக ஏற்றன. குழு வேலையைத் தொடங்குமுன்னே சில ஆலைகளில் தொழிலாளர் அவசரப்பட்டு வேலையை நிறுத்தினர். அது தவறு என்று காந்தியடிகள் ஒப்புக்கொண்டார். முதலாளிகளோ, உடன்பாடு முறிந்தது என்று எழுந்துவிட்டார்கள். பிப்ரவரி 22இல் கதவடைப்பு தொடங்கியது.

முதலாளிகள் தர முன்வந்தது 20 விழுக்காடு. கணக்குகளை ஆராய்ந்த காந்தியடிகள் நியாயம் என்று சொன்னது 35. அது கிடைக்கும்வரை வேலைக்குத் திரும்புவதில்லை, வன்முறையில் இறங்குவதில்லை என்று சபர்மதிக் கரையில் தொழிலாளர் உறுதி எடுத்தார்கள். பசி வந்தது, உறுதி தளர்ந்தது. மார்ச் 15இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்றே நாளில் சமரசம் பிறந்தது.

அந்தச் சமரசத்தின் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் 35 விழுக்காடு. தொழிலாளரின் சொல் காப்பாற்றப்பட்டது. இரண்டாம் நாள் 20. முதலாளிகளின் சொல்லும் காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாள் முதல், நடுவர் தீர்ப்பு வரும்வரை 27½. யாரும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. பின்னர் நடுவர் ஆனந்தசங்கர் துருவா அளித்த தீர்ப்பு 35.

ஆயினும் காந்தியடிகளின் மனம் நிறைவடையவில்லை. முதலாளிகள் நியாயத்தை உணர்ந்து இணங்கினார்களா, அவர் உயிருக்கு அஞ்சி இணங்கினார்களா? தம் நோன்பில் அந்தக் குறை இருந்ததைத் தமது தன்வரலாற்றில் அவரே ஏற்றுக்கொண்டார்.

1920இல் அந்நகரத் தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள். பூசல்களை நடுவரிடம் கொண்டுசெல்லும் வழக்கமும் வேரூன்றியது. ஆனால் 1923இல் முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, அதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஒருமுறை கைகுலுக்கியதால் எல்லாம் முடிந்துவிடவில்லை.

அன்பார்ந்தவர்களே, இணங்கிப் பேசுவது எங்கே கடினமாகிறது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அன்பு மட்டும் போதாது. ஒரு பிழை நேர்ந்தவுடன் எழுந்துபோகாத பொறுமை வேண்டும். எளியவரின் சொல்லுக்கும் வலியவரின் சொல்லுக்கும் ஒரே எடை வேண்டும்.

நம் வீட்டில் வேலை செய்பவரின் சம்பளத்தைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினோம்? அவர் நமக்கெதிரே அமர்ந்து பேசினாரா, வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டாரா? இந்த வாரம் இதை நாம் எண்ணிப் பார்ப்போம்.