வெட்டை

வெட்டை (பெ.): 1. சூடு, வெப்பம். 2. திறந்த வெளி (ஈழ வழக்கு). 3. கொனோரியா எனும் பால்வினை நோய்.

நோய்ப்பெயர் முதற்பொருளை ஒட்டியது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், குறியில் மஞ்சள் சீழ். உடம்புச் சூடு என்றே அக்காலத்தில் கொண்டார்கள். 'வெட்டைச்சூடு' என்பதும் அவ்வழக்கே. கிரேக்கர் சீழை விந்தென்று எண்ணினர். 'கொனோரியா' என்றால் விந்தொழுக்கு. 1879-இல் ஆல்பர்ட் நைசர் கிருமியைக் கண்டறிந்த பிறகே நோயின் காரணம் தெளிந்தது.

பெயர் சூடாக இருப்பதால் மருந்தும் குளிர்ச்சியில் தேடப்படுகிறது. ஈழத்தமிழர் வாழும் லண்டனின் வெஸ்ட் ஈலிங்கில், குளிர்ச்சிக்கென உண்ணும் வெந்தயம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அது பாக்டீரியாவைக் கொல்லாது. இங்கிலாந்தின் பாலியல் நல கிளினிக்குகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். விவரம் வெளியே போகாது. ஆண்களுக்குச் சிறுநீர் மாதிரி, பெண்களுக்குப் பஞ்சுக்குச்சி மாதிரி. பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிகுறியே தெரியாது. கவனிக்காவிட்டால் கருக்குழாய் பாதிக்கப்பட்டுக் குழந்தைப்பேறு தடைபடலாம். வழக்கமான மருந்து 1 கிராம் செஃப்ட்ரையாக்சோன், தசையில் ஒரே ஊசி. குணமானதை உறுதிசெய்ய மறுபரிசோதனை உண்டு. துணைவருக்கும் பரிசோதனை வேண்டும். இல்லையேல் நோய் திரும்ப வரலாம்.