வெட்டிவேர்த் தட்டி முதல் ஏர் கூலர் வரை

மின்கட்டணத்துக்குப் பயந்து ஏர்கோனை மூடி வைத்திருக்கும் வீடுகளில் 'ஏர் கூலர்' என்ற பெட்டியின் மீது கண் போவது இயற்கை. தண்ணீர் ஊற்றினால் போதும், குளிர்ந்த காற்று வரும் என்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா? அந்தப் பெட்டியின் வரலாற்றைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். அது வளர்ந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு.

தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அடுப்பு இல்லாதபோது அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குளித்துவிட்டு ஈரத்தோடு மின்விசிறிக்கு அடியில் நின்றால் உடம்பு சிலிர்க்கிறதே, அதே கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அதே தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப் போல் இது சுமார் எட்டு மடங்கு.

வட இந்தியாவில் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி'யில், அக்பரின் விருப்பப்படி 'கஸ்' என்ற வாசனை வேரால் அறைகள் அமைத்து, நீர் தெளித்துக் குளிர வைத்த செய்தி இருக்கிறது. கஸ் என்பது நம் வெட்டிவேர்தான். ஆங்கிலேயர்கள் அந்த வேரை அழைக்கும் 'வெட்டிவர்' என்ற பெயரும் தமிழிலிருந்து போனதுதான் என்பதை இங்கே கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

பின்னர் வந்த ஆங்கிலேயர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். மே, ஜூன் மாதங்களில் டில்லி, ஆக்ரா பக்கம் மேற்கிலிருந்து 'லூ' என்ற அனல்காற்று வீசும். அது வரும் திசையில் உள்ள வாசலிலும் சன்னலிலும் வெட்டிவேர்த் தட்டிகளைப் பொருத்துவார்கள். தட்டி காயாமல் வெளியிலிருந்து தண்ணீர் வீசிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். தோல்பையில் நீர் சுமக்கும் அவரைப் 'பிஷ்தி' என்பார்கள். சொர்க்கத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று சொல்வதுண்டு. வீட்டுக்குள் துரைக்குக் குளிர்ச்சி. சொர்க்கத்தின் பெயரைத் தாங்கியவருக்கோ வெயில்! இந்தக் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை, மனிதர்தான் தேவைப்பட்டார்.

காற்று நின்றால் தட்டியும் வேலை செய்யாது. அதற்காக 19ஆம் நூற்றாண்டில் 'தெர்மாண்டிடோட்' என்ற சாதனம் வந்தது. பெரிய மரப்பெட்டி, உள்ளே விசிறி, பக்கங்களில் ஈர வெட்டிவேர். விசிறியைச் சுற்ற இன்னொரு வேலையாள். இன்றைய ஏர் கூலருக்கு இதுவே பாட்டன் என்பேன். கைக்குப் பதில் மோட்டார் வந்தது, பிஷ்திக்குப் பதில் சின்ன பம்ப் வந்தது.

ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் தட்டிக்கு வேலை போய்விடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தட்டியின் நீர் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் குளிர்ச்சியும் இல்லை. டில்லியில் 42 பாகை செல்சியஸ் வெயில், ஈரப்பதம் 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கூலர் காற்றை 26, 27 பாகைக்கு இறக்கிவிடும். சிங்கப்பூரில் பிற்பகல் 32 பாகை, ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் நான்கு பாகை இறங்கினாலே பெரிது. ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும் இரவில் ஒரு பாகைதான் இறங்கும். நாம் தூங்கத் தவிப்பது அந்த நேரத்தில்தானே?

அந்தக் காலத்தில் இங்கிருந்த ஆங்கிலேயர்கள் உயரமான கூரை, அகன்ற தாழ்வாரம், கயிற்றால் இழுக்கும் பங்கா ஆகியவற்றைத்தான் நம்பினார்கள். 1999இல் லீ குவான் இயூ ஆயிரமாண்டின் முக்கியமான கண்டுபிடிப்பாக ஏர்கோனைச் சொன்னதற்கும் பொருள் இருக்கிறது. ஏர்கோன் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது. கூலரோ ஈரத்தைச் சேர்க்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 1930களில் மரச்சீவல் திணித்த கூலர் பெட்டிகள் வீட்டுக்கு வீடு வந்தன. அங்கும் ஆண்டில் சில வாரம் மழை ஈரம் வரும்போது அவை திணறும்.

கூலர் ஓடும் அறையில் சன்னலைத் திறந்து வைப்பது அவசியம். டில்லியில் கூலரைச் சன்னலுக்கு வெளியே வைத்து, மறுபக்கம் ஈரக்காற்று வெளியேற வழி விடுகிறார்கள். இங்கே ஏர்கோன் பழக்கத்தில் கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கூலரைப் போட்டால், சிறிது நேரத்தில் அறை புழுங்கும். அந்த அறையில் வியர்வை காயாமல் படுத்திருப்பவர் வயதான தாயாராகவோ கைக்குழந்தையாகவோ இருந்தால், குளிர்ச்சிக்காகக் கொடுத்த வெள்ளி வீண் என்பதோடு அது நிற்காது.

தண்ணீர்த் தொட்டியையும் கவனியுங்கள். 1996இல் டில்லியில் டெங்கிக் காய்ச்சல் பரவி 10,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏடிஸ் கொசு பெருகிய முக்கிய இடங்களில் கூலர்த் தொட்டியும் ஒன்று. பூச்சாடித் தட்டைக் கவிழ்த்து வைக்கும் நம் வீடுகளில் கூலர் இருந்தால், வாரம் ஒரு முறையாவது அதன் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் காயவிடுங்கள்.